குழவியும் பெருமிதமும்: டவுன் சிண்ட்ரோம் உடைய உழைப்பாளரைக் காட்டும் திரைப்படங்கள் – ஒரு மெய்ப்பாட்டு நோக்கு

தொல்காப்பியக் கிளவியாக்கத்தில், உயர்திணைப் பொருளைக் குறித்து நின்றும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்கள் ஒரு நூற்பாவில் தொகுக்கப்பட்டுள்ளன. குடிமை, ஆண்மை, அரசு எனத் தொடரும் அப்பதினெட்டனுள் ‘குழவி’ உண்டு. ‘உறுப்பின் கிளவி’ உண்டு. ‘காதல்’ என்பதும் உண்டு. உறுப்பின் கிளவிக்குக் குருடு, முடம் முதலியவற்றை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். அன்பு மிகுதியால் ஒருவரை அஃறிணையாகக் கூறுவதைக் காதற்சொல்லின்பாற்படுத்துவர். சிறுமை, குறை, அன்பு ஆகிய மூன்றும் ஒருவரைத் திணை மாற்றிப் பேசச் செய்யும் என்பது இந்நூற்பாவிலிருந்து பெறப்படும் செய்தியாகும்.

இன்றைய தமிழில் இம்மூன்றும் ஒருங்கே வந்து பொருந்தும் தொடர் ஒன்று வழக்கில் உள்ளது. அது ‘சிறப்புக் குழந்தை’ என்பதாகும். முப்பத்தைந்து அகவை நிரம்பி, நாள்தோறும் பேருந்தேறிப் பணிக்குச் சென்று, மாதந்தோறும் ஊதியம் பெறும் ஒருவரையும் இத்தொடரால் சுட்டுவது நாளிதழ்களிலும் மேடைகளிலும் இயல்பாகிவிட்டது. ‘குழந்தை வேலைக்குப் போகிறது’ என்னும் தொடரில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. பிழை வேறிடத்தில் உள்ளது. பணிக்குச் செல்லும் டவுன் சிண்ட்ரோம் உடையவரைத் திரைப்படங்கள் எவ்வாறு காட்டியுள்ளன, அவர்வழிப் பார்வையாளரிடம் பிறக்கும் மெய்ப்பாடு யாது என்பதை ஆராய்வது இதனால் மொழிநோக்கிலும் வேண்டப்படுவதாகிறது.

முதற்கண் பெயர் குறித்துச் சில கூற வேண்டும். 1866-இல் ஆங்கில மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் இந்நிலையை விவரித்தபோது, முக அமைப்பை மட்டும் கொண்டு மங்கோலிய இனத்தோடு இணைத்துப் பெயரிட்டார். 1959-இல் ஜெரோம் லெஜூன் குழுவினர், 21-ஆம் நிறப்புரி இரண்டிற்கு மாறாக மூன்றாக அமைவதே இதற்குக் காரணம் என வெளியிட்டனர். அதன் பின்னரும் பழம்பெயர் நீங்கவில்லை. அறிவியலாளர் சிலர் 1961-இல் ‘லான்செட்’ இதழுக்கு எழுதிய மடலும், 1965-இல் மங்கோலிய நாட்டுப் பேராளர் உலக நலவாழ்வு நிறுவனத்திடம் விடுத்த வேண்டுகோளுமே அதனைப் படிப்படியாக விலக்கின. தமிழில் ‘டவுன் நோய்க்குறி’ என எழுதுவோர் உளர். நோயன்மையால், ‘நோய்’ என்னும் சொல் புகாத ஒலிபெயர்ப்பே ஈண்டு மேற்கொள்ளப்படுகிறது.

வளர்ந்த மனிதர் என்னும் நிலை இவர்களுக்கு வரலாற்றில் மிகவும் புதியது என்பதும் நோக்கத்தக்கது. அமெரிக்காவில் 1983-இல் இவர்தம் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். இன்று அது 60-ஐ ஒட்டியுள்ளது. பிறவியிலேயே அமையும் இதயக் குறைகளுக்கு அறுவை மருத்துவம் கிடைத்தமையும், பெரிய காப்பிடங்களில் அடைத்து வைக்கும் வழக்கம் குறைந்தமையும் இம்மாற்றத்திற்கு முதன்மைக் காரணங்கள். ஆகவே நாற்பது அகவையில் ஒரு தொழிலைச் செய்யும் டவுன் சிண்ட்ரோம் உடைய மனிதர், கதைமரபு முன்பு பெரிதும் கண்டிராத ஒருவர். அவரை எச்சுவையில் நிறுத்துவது என்று கலைக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் பழைய சுவைகளே வந்து நிரம்புகின்றன.

அப்பழைய சுவைகள் இரண்டு. ஒன்று நகை, மற்றொன்று அழுகை. மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. பிறரை இகழும் எள்ளல் ஒருபுறமிருக்க, எஞ்சிய இளமை, பேதைமை, மடன் ஆகிய மூன்றும் அறிவு முதிராமையை ஒட்டியவை. கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமையே மடன் என்பது பேராசிரியர் கருத்து. அழுகைக்குரியனவாக இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியன கூறப்படுகின்றன. அறிவுசார் குறைபாடு உடைய மாந்தரைப் படைத்த இந்தியப் படங்களுள் மிகப்பல இவ்விரு வட்டங்களுக்குள்ளேயே சுழல்கின்றன. மாந்தரின் பேதைமைக்கு முற்பகுதியில் சிரிக்க வைத்து, இழவிற்கோ பிரிவிற்கோ பிற்பகுதியில் அழ வைப்பது ஏறத்தாழ வாய்பாடாகவே ஆகிவிட்டது. டவுன் சிண்ட்ரோம் உடையவரைப் பற்றியதன்றாயினும், ஏ. எல். விஜய் இயக்கிய ‘தெய்வத் திருமகள்’ (2011) இதற்குத் தமிழில் தக்க சான்றாகும். அதன் நாயகன் சாக்லேட் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிபவன். அப்பணி படத்தின் உணர்ச்சிப் போக்கில் எவ்விடத்தும் திருப்பம் தருவதில்லை. நீதிமன்றத்தில் எழும் வினா அவன் தந்தையாக இருக்கத் தக்கவனா என்பது. அதற்கு அவன் அன்பு விடையாகிறது, உழைப்பு விடையாவதில்லை.

பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டிற்கு மெய்ப்பாட்டியல் கூறும் நிலைக்களன்கள் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பன. உவகைக்கு உரியன செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. உழைத்து வாழும் வளர்ந்த ஒருவர் காட்டப்படும்போது எழ வேண்டியவை இவ்விரண்டுமே. இவை எப்போது எழுகின்றன, எப்போது எழாமல் நகையாகவும் அழுகையாகவும் திரிகின்றன என்பதைச் சில படங்கள்வழிக் காணலாம்.

ஜாக்கோ வான் டோர்மேல் இயக்கிய ‘எட்டாம் நாள்’ (1996) என்னும் பிரெஞ்சு மொழிப் படம் இவ்வகையில் முன்னோடி. டவுன் சிண்ட்ரோம் உடைய நாயகன் ஜார்ஜாக, அந்நிலையை உடைய பாஸ்கல் டுகேனே நடித்தார். உடன் நடித்த தானியேல் ஓத்தேயோடு கான் திரைப்பட விழாவின் சிறந்த நடிகர் விருதை அவ்வாண்டில் அவர் பகிர்ந்துகொண்டார். டுகேனே பிரஸ்ஸல்ஸில் நாடக மேடையில் பயின்று வந்த கலைஞர், தொழில் அறிந்தவர். அவர் ஏற்ற ஜார்ஜுக்கோ தொழில் ஏதும் இல்லை. காப்பகத்திலிருந்து வெளியேறி, தாயைத் தேடி, தன்னைக் கண்டு வாழ்வின் பொருளை உணரும் ஒரு விற்பனைப் பயிற்றுநனுக்கு ஆசானாகி, இறுதியில் மாடியிலிருந்து வீழ்ந்து மடிகிறான். அவன் வாழ்வு பிறனொருவனின் திருத்தத்திற்குப் பயன்பட்ட பின் முடித்து வைக்கப்படுகிறது. படம் அழகியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மேடையில் உழைத்த கலைஞனுக்குக் கிட்டிய இசைமை, அவன் ஏற்ற பாத்திரத்திற்குக் கிட்டவில்லை. நடிப்பவர் பெருமிதத்திலும் பாத்திரம் அழுகையிலும் நிற்கும் இம்முரண் பின்வந்த பல படங்களிலும் தொடர்வது.

இம்முரணை உடைத்த படமாக ‘நானும்’ எனத் தமிழில் பொருள் தரத்தக்க ஸ்பானியப் படத்தைக் (‘யோ, தம்பியேன்’, 2009) கூறலாம். ஆல்வரோ பாஸ்டரும் அந்தோனியோ நஹாரோவும் எழுதி இயக்கியது. 34 அகவையுடைய தானியேல், பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவன், செவில் நகரச் சமூகநல அலுவலகம் ஒன்றில் முதன்முதலாகப் பணியேற்கிறான், உடன் பணிபுரியும் லாரா என்பவளிடம் நட்புக் கொள்கிறான், அது காதலாகிறது. தானியேலாக நடித்த பாப்லோ பினேடா, டவுன் சிண்ட்ரோம் உடையோருள் ஐரோப்பாவிலேயே முதன்முதலில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவராக அறியப்படுபவர், மாலகா நகரத்தவர். சான் செபஸ்தியான் விழாவில் சிறந்த நடிகருக்கான வெள்ளிச் சிப்பி விருது அவருக்கு 2009-இல் வழங்கப்பட்டது.

இப்படத்தின் வலிமை அதன் களத்தில் உள்ளது. அலுவலகம் என்பது சமநிலையைக் கட்டாயமாக்கும் இடம். வீட்டில் ஒருவரைக் குழந்தையாக வைத்துக்கொள்ளலாம். மேசையும் கோப்பும் பணிநேரமும் உடைய இடத்தில் அது எளிதன்று. தானியேலுக்கு உரியவை உடன்பணியாளருக்கும் உரியவை. லாரா அவனைச் சந்திப்பது இரக்கத்தின் வழியாக அன்று, பணியின் வழியாக. அதனாலேயே அவர்களிடையே எழும் நகை இருவர்க்கும் பொதுவாகிறது. எள்ளல் முதலிய நகைக்களன்கள் தன்னிடத்துத் தோன்றுவதும் பிறரிடத்துத் தோன்றுவதும் என இருநிலைப்படும் எனப் பேராசிரியர் பகுப்பார். அப்பகுப்பு இப்படத்திற்கு மிகவும் பொருந்துகிறது. தானியேல் பிறர் நகைக்கு உரிய பொருளாக மட்டும் இல்லை. தன்னைப் பற்றியும் தன்னைச் சூழ்ந்தோரைப் பற்றியும் நகைப்பவன் அவனே. மடன் அவனிடத்து இல்லை. தன்னைக் காதலிப்பதை உலகம் எவ்வாறு நோக்கும் என்பதைப் பிறரினும் தெளிவாக அறிந்தவன் அவன். அவ்வறிவே அவன் துயருக்கும் காரணமாகிறது. இங்கு அழுகை தோன்றினும் அது இளிவின் வழி வந்ததாகாது. புணர்வு மறுக்கப்பட்ட எந்த மனிதனுக்கும் உரிய வருத்தமே அது.

படத்தின்மீது ஒரு தடை எழுப்பலாம். தானியேலின் பெருமிதம் கல்வியின் அடியாகப் பிறந்தது. பட்டம் பெற்றவன் ஆதலால் பணி, பணியுடையவன் ஆதலால் மதிப்பு என்னும் ஏணி இதில் உள்ளது. அவ்வேணியில் ஏற முடியாதவர் நிலை யாது? டவுன் சிண்ட்ரோம் உடையோருள் பெரும்பாலார் பல்கலைக்கழகம் செல்வதில்லை. படத்தை எழுதியோர் இதனை உணர்ந்திருந்தனர் எனத் தோன்றுகிறது. நடனக் குழு ஒன்றைச் சேர்ந்த பெட்ரோ, லூயிசா என்னும் காதலர் இருவரைக் கிளைக்கதையாக அமைத்துள்ளனர். அவர்களிடம் பட்டம் இல்லை, சொல்வன்மை இல்லை, வீட்டாரின் காவலை மீறி வெளியேறும் துணிவு உண்டு. கல்வியால் எய்தாத பெருமிதத்தைத் தறுகண்மையால் அவர்கள் எய்துகின்றனர். தானியேலைவிட அவர்களே விரும்பியதைப் பெறுகின்றனர் என்பதும் கருதத்தக்கது. மையக்கதையின் குறையைக் கிளைக்கதை இவ்வளவு அமைதியாக ஈடுசெய்த படங்கள் மிகச் சிலவே.

இந்தியச் சூழலில் மலையாளப் படமான ‘திரிகே’ (2021) தனித்துக் கூறப்பட வேண்டியது. ஜார்ஜ் கோரா, சாம் சேவியர் இருவர் இயக்கம். டவுன் சிண்ட்ரோம் உடைய நடிகர் ஒருவர் முதன்மைப் பாத்திரம் ஏற்ற முதல் இந்தியப் படம் என இது பரவலாகக் குறிப்பிடப்பட்டது. அந்நடிகர் கோபிகிருஷ்ணன் வர்மா. சிறுவயதில் பிரிக்கப்பட்ட உடன்பிறந்தார் இருவருள் மூத்தவனாகிய இஸ்மு ஓர் இசுலாமியக் குடும்பத்தில் வளர்க்கப்படுகிறான். இளையவனாகிய தோமா அடுமனை ஒன்றில் பணிபுரிகிறான். அண்ணனைத் தன்னோடு அழைத்துச் செல்லத் தம்பி மேற்கொள்ளும் பயணமே கதை. மூத்தோன் இளையோனால் பேணப்படுகிறான் என்னும் முறைமாற்றம் இதில் நுட்பமானது. அண்ணன் என்னும் முறை அண்ணனுக்கு உரிய இடத்தைக் காத்து நிற்கிறது. அவன் குழவியாகச் சுருங்காமல் இருப்பதற்கு அம்முறையும் ஒரு காரணம். எனினும் அடுப்பருகே நின்று உழைப்பவன் தம்பியே. அண்ணன்மீது இரு குடும்பங்களுக்கு உள்ள அன்பைப் படம் விரிவாகப் பேசுகிறது. அவ்வண்ணன் நாள் முழுதும் என்ன செய்ய விரும்புவான் என்னும் வினாவை அவ்வளவு அழுத்தமாகக் கேட்கவில்லை. கிளவியாக்கம் சுட்டும் ‘காதல்’ என்பது இதுதான் போலும்.

இதே நடிகர் நான்கு ஆண்டுகட்குப் பின் இந்திப் படமான ‘சிதாரே ஜமீன் பர்’ என்பதில் குட்டு என்னும் பாத்திரம் ஏற்றார். 2025 சூன் 20-இல் வெளிவந்த இதனை இயக்கியவர், ‘கல்யாண சமையல் சாதம்’ (2013) வாயிலாகத் தமிழில் அறிமுகமான ஆர். எஸ். பிரசன்னா. ஹாவியர் ஃபெஸெரின் ‘காம்பியோனெஸ்’ (2018) என்னும் ஸ்பானியப் படத்தின் மறுஆக்கம் இது. அமெரிக்காவிலும் 2023-இல் ‘சாம்பியன்ஸ்’ என ஒரு மறுஆக்கம் வெளிவந்தது. மூன்றிலும் கதை ஒன்றே. தவறிழைத்த கூடைப்பந்துப் பயிற்றுநன் ஒருவன், தண்டனைக்கு ஈடாக அறிவுசார் குறைபாடு உடையோர் அணிக்குப் பயிற்சி தருமாறு நீதிமன்றத்தால் பணிக்கப்படுகிறான். கற்பிக்கச் சென்றவன் கற்றுக்கொள்கிறான்.

இக்கதையில் பெருமிதத்தைப் பெறுபவர் யார்? ‘எட்டாம் நாள்’ காட்டிய வழியிலேயே, மாற்றம் அடைபவன் குறைபாடற்ற பயிற்றுநன். அணியினர் தொடக்கத்தில் இருந்தவாறே இறுதியிலும் நல்லவர்களாக உள்ளனர். இது பெரிய குறை. ஒரே நிலையில் நிற்கும் நன்மை குழவித் தன்மையின் மற்றொரு வடிவமே. அணியினர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு பணி செய்பவர் என்பதைப் பயிற்றுநன் அறிந்து வியக்கும் பகுதி இக்கதையின் முதன்மையான திருப்பம். ஆயின் வியப்பு என்பது மருட்கையின்பாற்பட்டது, காண்பவனிடத்து நிகழ்வது. உழைப்பவரிடத்து நிகழ வேண்டிய பெருமிதம் அதனின் வேறானது. சில நொடிக் காட்சிகளில் ஒருவரின் தொழிலைக் காட்டி நகர்ந்துவிட்டால், தொழில் அவருக்கு அணிவிக்கப்பட்ட பட்டயமாகிறது.

திரைப்படத் தொகுப்பு முறைக்கும் இவர்தம் உழைப்பின் இயல்புக்கும் இடையே உள்ள ஒரு பகையும் இவ்விடத்தில் புலப்படுகிறது. அறிவுசார் குறைபாடு உடையோர்க்குத் தொழில் கற்பிக்கும் முறை, பணியைச் சிறு சிறு படிகளாகப் பகுத்து, படங்களாலும் செய்து காட்டியும் ஒவ்வொன்றையும் பன்முறை பழக்குவதாகும். மேசையைத் துடைப்பது, தட்டுகளை அடுக்குவது, விருந்தினரை வரவேற்று விருப்பம் கேட்பது என ஒவ்வொன்றும் பலமுறை செய்து கைவரப் பெற்றவை. மும்பை ஜூஹுவில் 2018-இல் தொடங்கப்பட்ட ‘அர்பன்’ சிற்றுண்டியகமும், தன் உணவகங்களில் டவுன் சிண்ட்ரோம் உடையோரைப் பணியமர்த்திய லெமன் ட்ரீ விடுதிக் குழுமமும் இத்தகைய பழக்கத்தின்மேல் எழுந்தவை. மீண்டும் மீண்டும் செய்தல் அத்தொழிலின் உயிர். திரைப்படமோ மீள்செயலை வெட்டி எறிந்து, தொடக்கத்தையும் வெற்றியையும் மட்டும் ஒட்டிக் காட்டும். கை பழகும் காலம் காட்டப்படாதபோது, கைவந்த திறம் தானே வந்த வரமாகத் தோன்றுகிறது. அதனாலேயே பார்ப்பவர் வியக்கிறார்.

இக்குறைகளை ஒப்புக்கொண்ட பின்னும் இக்கதை தரும் உவகை உண்மையானதே. இறுதிப் போட்டியில் அணி தோற்கிறது. தோற்றவர் வென்றவரோடு சேர்ந்து மகிழ்கின்றனர். விளையாட்டு உவகைக்கு நிலைக்களன் என்றபோது மெய்ப்பாட்டியல் வெற்றியை அதற்கு முன்னிபந்தனையாக வைக்கவில்லை. பயிற்றுநன் அறிந்த விளையாட்டு வேறு. அணியினர் ஆடும் விளையாட்டு வேறு. ‘சாம்பியன்ஸ்’ படத்தில் டவுன் சிண்ட்ரோம் உடைய நடிகர் ஜேம்ஸ் டே கீத் ஏற்ற பென்னி என்னும் உணவகப் பணியாளன், ஆட்டங்களுக்கு விடுப்புத் தர மறுக்கும் மேலாளரை எதிர்கொள்ளும் பகுதியும் கருதத்தக்கது. என்ன சொல்ல வேண்டும் என்பதை அவன் முன்னரே பலமுறை சொல்லிப் பழகுகிறான். பின்பு தானே சென்று சொல்கிறான். மூன்று ஆக்கங்களுள் இது கலைநயத்தில் மேம்பட்டது என்று கூறவியலாது. ஆயினும் உழைப்பாளி ஒருவன் தன் உழைப்பின் நிபந்தனைகளைப் பற்றித் தானே பேசும் தறுகண்மை இப்பகுதியில் உள்ளது. பழக்கத்தின் வழி வந்த துணிவு எனப் பார்ப்பவர் அறியுமாறு அது காட்டப்படுவதால், வியப்பு எழாமல் பெருமிதம் எழுகிறது.

நகை பற்றிய வினாவை இந்திய உச்ச நீதிமன்றமும் எதிர்கொண்டுள்ளது. ‘ஆங்க் மிச்சோலி’ என்னும் இந்திப் படம் தொடர்பாக நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில், 2024 சூலை 8-இல் அளிக்கப்பட்ட தீர்ப்பு, குறைபாடு உடையோரை இழிவுபடுத்தும் நகைச்சுவைக்கும், குறைபாடு பற்றிய வழக்கமான எண்ணங்களை அசைத்துப் பார்க்கும் நகைச்சுவைக்கும் வேறுபாடு கண்டது. உரையாசிரியர் மரபில் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. எள்ளப்படுபவர் யார், எள்ளுபவர் யார், நகையின் நிலைக்களன் எவரிடத்தது என்னும் வினாக்களே வேறு சொற்களில் அத்தீர்ப்பில் எழுப்பப்பட்டுள்ளன. ஊடக ஒழுக்கம் பற்றிய இன்றைய விவாதங்களில் மெய்ப்பாட்டியலைப் பயன்கொள்ளத் தமிழாய்வுலகம் பெரிதும் முயலாதது வியப்பிற்குரியது. ரசக் கோட்பாட்டோடு ஒப்பிட்டு முன்மை பின்மை பேசுவதிலேயே அதன் ஆற்றல் செலவிடப்பட்டுவிட்டது.

மொழிபெயர்ப்பு இவ்வாய்வின் மற்றொரு முனை. ஸ்பானிய மொழியில் முன்னிலை ஒருமைக்கு இரு நிலைகள் உண்டு. இந்தியில் மூன்று உண்டு. தமிழில் நீ, நீங்கள் எனும் முன்னிலைப் பாகுபாட்டோடு, படர்க்கையிலும் அவன், அவர் எனும் தேர்வு உண்டு. ‘குழந்தை’ எனின் அது என்பதும் வந்து சேரும். இப்படங்களுக்குத் தமிழில் வசன வரிகளோ திறனாய்வோ எழுதுபவர், மூலத்தில் இல்லாத ஒரு முடிவை ஒவ்வொரு தொடரிலும் எடுத்தாக வேண்டும். அலுவலகத்தில் தானியேலை உடன்பணியாளர் ‘நீ’ என்பரா, ‘நீங்கள்’ என்பரா? மேலாளர் முன் நிற்கும் பென்னி அவரை எவ்வாறு விளிப்பான்? நாயகனை ‘அவன்’ என்று எழுதுவது கதைகூறும் மரபு என அமைதி கூறலாம். இக்கட்டுரையும் பாத்திரங்களை ‘அவன்’ என்றும் நடிகர்களை ‘அவர்’ என்றும் அம்மரபு பற்றியே குறித்தது. சிற்றுண்டியகத்தில் பணிபுரியும் உண்மை மனிதரைப் பற்றிய செய்திக்கு அவ்வமைதி பொருந்தாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காட்டினை ஒதுக்குகிறது. அதனுள் 1 விழுக்காடு அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மனநோய் முதலிய பல பிரிவினர்க்கும் பொதுவாக அமைகிறது. அளவில் இது மிகச் சிறிது, பெரும்பாலோர்க்கு எட்டாததும்கூட. ஆனால் அப்பணிக்கான படிவத்தைத் தமிழில் நிரப்பும் ஒருவர் அதில் விண்ணப்பதாரர் எனப்படுகிறார். பணியேற்றபின் பணியாளர் எனப்படுகிறார். இரண்டும் உயர்திணைப் பலர்பால் ஈற்றையே கொள்கின்றன. அவரைப் பற்றி மறுநாள் வெளிவரும் செய்தியின் தலைப்பில் மட்டும் ‘சிறப்புக் குழந்தை’ மீண்டும் வந்துவிடுகிறது.